இரண்டு சிவப்பு

புது மானிட்டர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. கறுப்புத் திரையில் ஒரு சிறிய நீலப் பெட்டி தோன்றும். அதற்குள் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வெள்ளை எழுத்து. பெட்டி மெதுவாக மிதந்து ஓரத்தில் முட்டித் திரும்பும், ஐந்து விநாடியில் அணைந்துபோகும்.

பூங்குழலி கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அதே பெட்டி. வேறு கேபிள் போட்டாள். அதே பெட்டி. ஆபீஸ் மேசையிலிருந்து சூப்பர்வைசர் அப்துல் வஹீத் தூக்கிவந்த இரண்டாவது மானிட்டர் இன்னும் மோசம். ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனது.

“சிக்னல் இருக்குது சார். இல்லைன்னா இது ரேஞ்சைப் பத்தியே பேசாது” என்றாள். “இது ஏதோ கேக்குது. கேக்கறது இன்னான்னுதான் அதுக்குப் புரியல.”

வஹீத் சட்டைக் காலரில் மாட்டியிருந்த மஞ்சள் நிற வாயு மீட்டரைக் குனிந்து பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் அப்படிக் குனிந்து பார்த்தது அது ஐந்தாவது முறை.

பூங்குழலிக்கு வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு சர்வீஸ் கடை. காலையில் ஆம்பூருக்கு வந்தது ஒரு ஷூ கம்பெனியில் பழைய தையல் மிஷினின் திரையை மாற்றுவதற்காக. அந்த வேலையைத் தொடங்கும் முன்பே வஹீத் பைக்கில் வந்து நின்றார். பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியில் டிரம்களை ஓட்டுகிற கம்ப்யூட்டரின் மானிட்டர் போய்விட்டது, அஞ்சு நிமிஷ வேலை, ஒரு புது மானிட்டரை மாட்டிவிட்டால் போதும் என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள். டேனரியின் கேட்டில்தான் முதல் சந்தேகம் வந்தது. ஷிஃப்ட் முடியாத நேரத்தில் ஆட்கள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நடந்தார்கள்.

கன்ட்ரோல் ரூம் என்பது கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. கண்ணாடிக்கு அப்பால் ஆளுயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள ஐந்து மர டிரம்கள். நான்கு சுற்றிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது. அறைக்குள் இரும்புப் பெட்டியில் ஒரு பழைய இத்தாலிக் கம்ப்யூட்டர். அதன் பழைய பிக்சர் டியூப் மானிட்டர் கருகிய வாசனையோடு மூலையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் ஆபரேட்டர் கலீமுல்லா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகம் வெளுத்திருந்தது.

“பாய், எல்லாரும் எங்க போறாங்க?” என்று அவரிடம் கேட்டாள்.

கலீமுல்லா வஹீதைப் பார்த்தார். வஹீத், “நீங்களே சொல்லுங்க பாய். மறைச்சி இன்னா ஆகப்போகுது” என்றார்.

“நாலாம் நம்பர் டிரம்ல பிக்கிள் ஓடுதும்மா. ஆட்டுத் தோல். ஆசிட் தண்ணி. பன்னெண்டு பத்துக்குப் பாதித் தண்ணிய அதுவா வடிக்கும். கம்ப்யூட்டர்ல அப்டி போட்டிருக்குது.”

“சரி, வடிக்கட்டும்.”

“எந்தப் பக்கம் வடிக்கப்போவுதுன்னு தெரியலம்மா.”

அவர் சொன்னதை அவள் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டாள். டிரம்களுக்கு அடியில், கான்கிரீட் பலகைக்குக் கீழே, இரண்டு கால்வாய்கள். ஒன்று சுண்ணாம்புக் கால்வாய். தோலிலிருந்து முடியைக் கழற்றுகிற சல்ஃபைடு மருந்தும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் அதில் போய் வெளித் தொட்டியில் சேரும். இன்னொன்று ஆசிட் கால்வாய். அது வேறொரு தொட்டிக்குப் போகும். இரண்டும் ஒருநாளும் சந்திக்கக் கூடாது. சல்ஃபைடு தண்ணீரில் ஆசிட் விழுந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கிற ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் நாற்றம். அதிகமாக இருந்தால் இரண்டு மூச்சில் ஆள் விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் மேலேயே விழுவான்.

ஒவ்வொரு டிரம்முக்கும் கீழே இரண்டு கதவுகள். ஒன்று சுண்ணாம்புப் பக்கம், ஒன்று ஆசிட் பக்கம். காற்றழுத்தத்தில் இயங்குகிறவை. நாலாம் டிரம்மில் காலையில் கழுவிய தண்ணீர் சுண்ணாம்புப் பக்கம் போனது. பிக்கிள் தண்ணீர் வருவதற்குள் கலீமுல்லா அந்தக் கதவை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். அதற்கு விசைப்பலகையில் டிரம் எண்ணைத் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பொத்தான்களின் மேல் அவரே பெயின்ட் பொட்டு வைத்திருந்தார். சுண்ணாம்புக்குப் பச்சை, ஆசிட்டுக்குச் சிவப்பு.

“அமுக்கிட்டீங்களா?”

“அமுக்கினேன். பச்சைய அமுக்கினேன், அதே நேரத்துல டிவி டப்புனு ஒரு வெள்ளைக் கோடா சுருங்கிப் போய்டுச்சி. வேலை ஆச்சோ இல்லையோன்னு இன்னொரு தபா அமுக்கினேன்.” அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “மூணாவது தபாவும் அமுக்கினேனோன்னு இருக்குது. கை பதறிடுச்சும்மா. சிவப்பையும் தொட்டேனா இல்லையா, ஞாபகம் வரல.”

அந்தப் பொத்தான் இருக்கிறதே, அதுதான் வினை. ஒரு தட்டு தட்டினால் கதவு திறக்கும், இன்னொரு தட்டு தட்டினால் மூடும். இப்போது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரியாமல் தட்டுவது, இருட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டு எரிகிறதா அணைகிறதா என்று தெரியாமல் நிற்பது போல. இரண்டு கதவும் ஒன்றாகத் திறக்காமல் தடுக்கிற புத்தி அந்தக் காலத்து மிஷினுக்குக் கிடையாது.

“அப்ப கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணிடுங்க பாய்.”

“பண்ணா இன்னும் பேஜாரு. கம்ப்யூட்டர் நின்னா காத்து நின்னுடும். காத்து நின்னா ஸ்பிரிங்கு எல்லா டிரம்லயும் சுண்ணாம்புக் கதவத் தொறந்துடும், டிரம் வால்வும் தானா தொறந்துக்கும். அப்டித்தான் கட்டியிருக்கான்.”

“கையால மூட முடியாதா?”

“பலகையத் தூக்கணும். செயின் பிளாக் கட்டி, நாலு ஆளு, ரெண்டு மணி நேரம்” என்றார் வஹீத். “வெளித் தொட்டியோட காத்துக்குழாய் பின்னாடி சந்துப் பக்கம் தொறந்திருக்குது மேடம். பதினெட்டு வீடு. ஆளுங்கள அனுப்பிக் காலி பண்ணச் சொல்லியிருக்கேன். எல்லாரும் வந்துடுவாங்கன்னு சொல்ல முடியாது. எவனாச்சும் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுக் கதவச் சாத்தினு தூங்கினு இருப்பான்.”

சுவர்க் கடிகாரம் பதினொன்று முப்பத்தெட்டைக் காட்டியது.

பூங்குழலி கணக்குப் போட்டாள். பஸ் ஸ்டாண்டு இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தால் ஆறு நிமிடம். ‘சார், இது என் வேலை இல்லை’ என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினால் அவர்கள் தடுக்கப்போவதில்லை. அவள் கை உண்மையிலேயே பையின் வாரைப் பிடித்தது. அப்போது கலீமுல்லாவின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“பேகம், கெளம்பிட்டியா?”

“சேரோட சேத்து நாலு பேரு தூக்கினு போறாங்க” என்றது ஒரு பெண்குரல். அது அவர் மனைவி முனவ்வர் பேகம். அந்தச் சந்தில்தான் வீடு, காலில் மாவுக்கட்டு. “கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை இப்டி யாரும் தூக்கல. ஊரே பாக்குது. நீங்க வெளிய வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன், வந்துட்டேன்.”

“இன்னா அங்க டிரம் சத்தம் கேக்குது?”

“ரோட்ல லாரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பூங்குழலி வாரை விட்டாள். பிறகு அந்தப் பையைத் திறந்தாள்.

முதலில் மானிட்டர் ஏன் திருதிருவென்று விழிக்கிறது என்பது. திரையில் படம் ஒரேயடியாக வந்து விழுவதில்லை. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையப்படுகிறது. இந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்குப் பதினைந்தாயிரத்து எழுநூறு கோடு அனுப்புகிறது. அதன் சொந்த மானிட்டர் அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்டது. புது மானிட்டரோ விநாடிக்கு முப்பதாயிரம் கோட்டுக்குக் குறைந்தால் காது கொடுக்காது. அதனால்தான் அந்த நீலப் பெட்டி. ஒன்பது பின் பிளக்கைப் பதினைந்து பின்னாக மாற்றுகிற இணைப்பை எத்தனை முறை செருகினாலும் பிளக் மாறுமே தவிர வேகம் மாறாது.

வேகத்தை மாற்றுகிற பலகை ஒன்று அவள் பையில் இருந்தது. ஷூ கம்பெனியின் தையல் மிஷினுக்காக எடுத்துவந்தது. உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை. மெதுவாக வரும் படத்தை வாங்கித் தன் நினைவில் வைத்துக்கொண்டு, அதையே இரண்டு மடங்கு வேகத்தில் புது மானிட்டருக்குத் திரும்ப வரைந்து காட்டும்.

“இது இருந்தா வந்துடுமா?” என்றார் வஹீத்.

“ஒயர் பண்ணணும். இருபது நிமிஷம் குடுங்க.”

“முப்பது நிமிஷம்தான் இருக்குது மேடம்.”

“அப்ப பேச்சு குடுக்காதீங்க சார்.”

ஓடுகிற கம்ப்யூட்டரின் பின்புறத்தில் மல்டிமீட்டர் முனையை வைப்பதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. முனை வழுக்கி இரண்டு பின்னை ஒட்டவைத்தால் கம்ப்யூட்டர் நின்றுபோகலாம். நின்றால் காற்று நிற்கும். இரும்புப் பெட்டியை முதலில் தொட்டு உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு பின்னாக அளந்தாள். ஒன்று, இரண்டு எர்த். மூன்று, நான்கு, ஐந்து நிறங்கள்: சிவப்பு, பச்சை, நீலம். எட்டும் ஒன்பதும் சிங்க், அதாவது கோடு எங்கே தொடங்கவேண்டும், படம் எங்கே தொடங்கவேண்டும் என்று சொல்கிறவை. ஆறாவது பின்னிலும் ஏதோ துடித்தது. உபரி என்று விட்டுவிட்டாள். இருபது வருடமாக அவள் பிரித்துப்பார்த்த தையல் மிஷின்களில் நிறத்துக்கு மூன்று கம்பிதான்.

நிறப் பின்களில் நாலு வோல்ட் வந்தது. பலகை தாங்குவது முக்கால் வோல்ட். நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் நானூற்று எழுபது ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி, மேசை மேல் ஒரு புதுப் பிளக்கில் பற்றவைக்கத் தொடங்கினாள். கலீமுல்லா குறட்டால் பிளக்கைப் பிடித்துக்கொண்டார். பிளக் நடுங்கியது.

“கை ஆடுது பாய்.”

“என்னுதா, உன்னுதா?”

“ரெண்டும்தான்.”

அவர் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். ஈயம் உருகிச் சொட்டியது. மூன்றாவது ரெசிஸ்டரைப் பற்றவைக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. கேட்டிலிருந்து உள்ளே வரும்வரை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்த அழுகிய முட்டை நாற்றம் இப்போது இல்லை.

அந்த வாயுவின் கொடூரமே அதுதான் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சமாக இருக்கும்வரைதான் மூக்கு எச்சரிக்கும். அளவு ஏறினால் மூக்கின் உணர்வையே முதலில் கொல்லும். நாற்றம் இருந்தால் உயிர் இருக்கிறது. நாற்றம் திடீரென்று நின்றால்...

“சார்! மீட்டர்! எனக்கு வாசனை வரல, மீட்டரப் பாருங்க!”

வஹீத் காலரைப் பிய்த்துக்கொள்வது போல இழுத்துப் பார்த்தார். “மூணு. மூணுதான் மேடம். பத்துக்கு மேல போனா அதுவே கத்தும்.”

“சரியா பாருங்க!”

“மூணு, மேடம். வல்லாஹி, சத்தியமா மூணு.”

பற்றவைப்பின் புகை. மூக்குக்கு நேர் கீழே குங்கிலிய வாசனையோடு எழுந்த புகைதான் மற்ற நாற்றத்தை மறைத்திருந்தது. அவள் முகத்தை ஒரு சாண் பின்னால் எடுத்தாள். முட்டை நாற்றம் திரும்பி வந்தது. அந்த நாற்றத்தை வாழ்நாளில் முதல்முறையாக ஆசையாக முகர்ந்தாள்.

பதினொன்று ஐம்பத்தைந்து. மறுபடி இரும்புப் பெட்டியைத் தொட்டாள், பிளக்கைச் செருகினாள். டிரம்களின் சத்தம் மாறவில்லை. பலகையின் விளக்கு எரிந்தது. மானிட்டர் ஒருமுறை இருண்டு, ஒருமுறை நெளிந்து, பிறகு நின்றது.

படம் வந்துவிட்டது. மேலே ஆங்கிலத் தலைப்பு, கீழே ஐந்து வரிசை, வரிசைக்கு ஒரு டிரம். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு பச்சைக் கட்டம், ஒரு சிவப்புக் கட்டம். வஹீத் சத்தமாக மூச்சு விட்டார். “ஷாபாஷ் மேடம்!”

கலீமுல்லா எழுந்து திரைக்கு அருகில் வந்தார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. நிறத்தைப் பார்த்தே பதினேழு வருடம் அந்த டிரம்களை ஓட்டியவர். பார்க்கப் பார்க்க அவர் முகத்திலிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் இறங்கியது.

“யா அல்லா. எல்லாம் தொறந்திருக்குது.”

“எது பாய்?”

“எல்லாமே! நல்ல பச்சைன்னா சுண்ணாம்பு தொறந்திருக்குதுன்னு அர்த்தம். நல்ல சிவப்புன்னா ஆசிட் தொறந்திருக்குது. நாலுல ரெண்டும் தொறந்திருக்குது! ரெண்டு பக்கமும் போகப்போவுது!” சொல்லிக்கொண்டே ஒரு விரலால் நான்கைத் தட்டிவிட்டு, பச்சைப் பொட்டு வைத்த பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். “பச்சைய மூடிடறேன்...”

பூங்குழலி அவர் மணிக்கட்டைப் பாய்ந்து பிடித்தாள். நகம் பதிந்தது.

“தொடாதீங்க!”

“வுடும்மா, டைம் இல்ல!”

“எல்லாம் தொறந்திருக்குதுன்னு சொன்னீங்களே. அஞ்சு டிரம்முமா? ரெண்டாம் நம்பருமா? அது ஏன் சுத்தல?”

கலீமுல்லா கண்ணாடி வழியே பார்த்தார். ஐந்தில் சுற்றாமல் நின்ற அந்த ஒன்று. “அது பேரிங் போய் திங்கக்கெழமையில இருந்து நிக்குது. காத்து பைப்பையே கழட்டிட்டாங்க. ரெண்டு கதவையும் கட்டையால மூடியிருக்குது.”

“அப்ப அதுல மட்டும் ரெண்டும் எப்டி பாய் தொறந்திருக்கும்?”

அவர் கை தளர்ந்தது. வஹீத் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார்.

“படம் பொய் சொல்லுது” என்றாள் பூங்குழலி. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “மூடின கதவு எப்டி தெரியும்? கட்டமே இருக்காதா?”

“இருக்கும். மங்கலா இருக்கும். மங்கல் பச்சை, மங்கல் சிவப்பு.”

“அதாவது சிவப்பே ரெண்டு சிவப்பு?”

“ஆமாம்மா. எல்லாமே ரெண்டு ரெண்டு. ரெண்டு நீலம்கூட இருக்குது.”

அவள் கண்ணை மூடினாள். பயத்தில் மூளை ஓடமறுத்தபோது அவள் எப்போதும் செய்வது எண்ணுவது. இந்தக் கம்பிகள் தையல் மிஷினின் கம்பிகள் மாதிரி அல்ல. அங்கே ஒரே கம்பியில் வோல்ட் ஏறி இறங்கி, ஒரு நிறத்தில் நூறு சாயல் காட்டும். இங்கே ஒரு கம்பிக்கு இரண்டே நிலைதான். நாலு வோல்ட் அல்லது சுழி. எரியும் அல்லது அணையும். அப்படி மூன்று கம்பி இருந்தால் இரண்டு, நாலு, எட்டு. எட்டு நிறம்தான் வரும். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, கலவைகள் மூன்று, வெள்ளை. அதில் சிவப்பு ஒன்றுதான். ‘எல்லாமே ரெண்டு ரெண்டு’ என்றால் பதினாறு. பதினாறுக்கு நாலாவது கம்பி ஒன்று வேண்டும். நிறத்தைச் சொல்லாமல், ‘இதைப் பிரகாசமாகக் காட்டு, அதை மங்கலாகக் காட்டு’ என்று மட்டும் சொல்கிற கம்பி.

ஆறாவது பின். உபரி என்று நினைத்து அவளே விட்டுவிட்டது.

கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற ஒரே ஒரு செய்தி அந்த ஒரே ஒரு கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. அவள் போட்ட மூன்று கம்பியும் நிறத்தை ஒழுங்காகச் சொல்லின. கேட்கவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. தன் கை இன்னும் அரை விநாடி தாமதித்திருந்தால் கலீமுல்லா தட்டியிருப்பார், மூடியிருந்த கதவு ஒருவேளை திறந்திருக்கும். அதை நினைக்க நேரமில்லை. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம்.

பிளக்கை உருவினாள். படம் போனது. வஹீத், “ஐயோ, ஏன் கழட்டினீங்க?” என்றார்.

ஆறாவது பின்னின் மின்சாரம் மூன்று நிறக் கம்பிக்கும் கொஞ்சம் கொஞ்சம் போகவேண்டும். ஆனால் நிறத்தின் அளவுக்குப் போகக்கூடாது, பாதி போதும். ஆகவே நானூற்று எழுபதைப் போல இரண்டு மடங்கு ரெசிஸ்டர், ஓராயிரம் ஓம், மூன்று வேண்டும். டப்பாவைக் கவிழ்த்தாள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையம் போட்டது இரண்டுதான் இருந்தது. விரலால் கிளறினாள். மூன்றாவது இல்லை.

“இன்னா தேடற?” என்றார் கலீமுல்லா.

“ஆயிரம். ஒண்ணு கம்மி.” அப்போது கண்ணில் பட்டது நானூற்று எழுபதின் பொட்டலம். இரண்டை வரிசையாகக் கோர்த்தால் தொள்ளாயிரத்து நாற்பது. நிறத்தில் அந்த வித்தியாசத்தைக் கண் பிடிக்காது. “பாய், இதைப் பிடிங்க. ஆடாம.”

“ஆடல” என்றார். பிளக் ஆடத்தான் செய்தது. ஆடுகிற தாளத்துக்கு இடையில் அவள் பற்றவைத்தாள். ஒரு ஈயச் சொட்டு அவள் பெருவிரலில் விழுந்தது. கத்துவதற்குக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வஹீத் நேரம் சொன்னார். “பன்னெண்டு ஒண்ணு.” பிறகு, “மூணு.” பிறகு அவருக்கே பொறுக்காமல், “சொல்லல, சொல்லல, நீங்க பண்ணுங்க” என்றார்.

பன்னிரண்டு நான்குக்கு இரும்புப் பெட்டியைத் தொட்டாள். செருகினாள்.

மானிட்டர் இருண்டது, நெளிந்தது, நின்றது. இம்முறை வரிசைகளில் பாதிக் கட்டங்கள் அடங்கிக் கிடந்தன. ஈரச் செங்கல் நிறத்தில் ஒரு சிவப்பும், புதுப் பெயின்ட் மாதிரி ஒரு சிவப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் முதலில் இரண்டாம் வரிசையைப் பார்த்தாள். பச்சை மங்கல். சிவப்பு மங்கல். கட்டையால் மூடிய கதவுகள், மூடியே காட்டின.

“இதுதான்” என்றார் கலீமுல்லா. “இதுதாம்மா என் ஸ்கிரீன்.”

“நாலு?”

நாலாம் வரிசையில் பச்சை பளிச்சென்று எரிந்தது. சிவப்பு மங்கலாக இருந்தது. சுண்ணாம்புக் கதவு திறந்தும் ஆசிட் கதவு மூடியும் இருந்தது. ஆறு நிமிடத்தில் அந்த டிரம் வடிக்கும் ஆசிட் முழுக்கச் சல்ஃபைடு தொட்டிக்குப் போயிருக்கும். வஹீத் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு தட்டு தட்டுங்க. தட்டிட்டு நிறுத்துங்க. மாறினத நாம மூணு பேரும் பாத்த பிறகுதான் அடுத்தது” என்றாள் பூங்குழலி.

கலீமுல்லா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “பிஸ்மில்லா.” நான்கு. பச்சைப் பொட்டு. எங்கோ தரைக்கடியில் காற்று சீறியது. பளிச்சென்றிருந்த பச்சை மங்கியது.

“மூடிச்சி” என்றார் வஹீத்.

“மூடிச்சி” என்றாள் அவள்.

நான்கு. சிவப்புப் பொட்டு. இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சீறல். செங்கல் நிறம் பளிச்சென்ற சிவப்பாக ஏறியது.

யாரும் நகரவில்லை. பன்னிரண்டு பத்துக்கு நாலாம் டிரம்மின் வால்வு திறந்தது. தரைக்குக் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. ஆசிட் கால்வாய் இருக்கிற வலதுபுறமாக. வஹீத் மீட்டரைக் காலரிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்தார். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று. மூன்று. நான்கு. கலீமுல்லாவின் உதடுகள் ஏதோ ஓதின. நான்கு. மூன்று. இரண்டு. தண்ணீரின் இரைச்சல் தேய்ந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது. மீட்டர் இரண்டிலேயே இருந்தது.

கலீமுல்லாவின் போன் அடித்தது. எடுத்து, “இப்ப நெஜமாவே வந்துனு இருக்கேன்” என்றார். அதற்கு முனவ்வர் பேகம் பேசியதைக் கேட்காமலிருக்க வஹீத் வெளியே போய்விட்டார்.

பூங்குழலி தரையிலேயே உட்கார்ந்தாள். சுட்ட பெருவிரல் இப்போதுதான் எரியத் தொடங்கியது. நாளைக்கு அவள் வேலூரில் இருப்பாள். இந்தக் கேபிள் அறுந்தால், அடுத்து வருகிறவனும் தையல் மிஷின்காரனாகத்தான் இருப்பான், அவனும் மூன்று கம்பிதான் போடுவான். மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கம்ப்யூட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுவதற்காக, மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதினாள்:

‘மானிட்டரை நேராக மாட்டாதே. வேகம் மாற்றும் பலகை வழியாக மட்டும் மாட்டு. பின் 1, 2 எர்த். பின் 3 சிவப்பு, 4 பச்சை, 5 நீலம்: ஒவ்வொன்றுக்கும் நடுவில் 470 ஓம். பின் 8, 9 சிங்க், நேராக. பின் 6 உபரி இல்லை. அதிலிருந்து 1000 ஓம் ரெசிஸ்டர் மூன்று எடுத்து, 470-க்கு அப்புறம் பலகைப் பக்கமாக, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஒவ்வொன்று சேர். மாட்டியதும் மூடிய கதவு மங்கலாகவும் திறந்த கதவு பளிச்சென்றும் தெரிகிறதா பார். தெரிந்த பிறகு மட்டும் பொத்தானைத் தொடு.’